பிறர் பிள்ளைக்கும் தாயானவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



தாய்மையின் பெருமை பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தாய்மையைப் பற்றிப் பேசுவது எளிது. கேட்போர் கண்களிலே நீர் துளிக்கச் செய்வதும் எளிது. ஆனால் அந்தக் கண்ணீர் வீட்டுப் படலையைத் தாண்டுமுன்னே உலர்ந்துவிடும். ஆகையால் தாய்மையைப் பொதுவிலே புகழாமல், ஒரு தாயை எடுத்துக்கொண்டு அவர் செய்த காரியங்களைச் சொல்லலாம் எனத் துணிந்தோம். அவர் பெற்ற பிள்ளைகள் இருவர். பெறாத பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. பெற்றவர்களை வீட்டிலே வளர்த்தார். பெறாதவர்களுக்காகச் சட்டசபையிலே வாதாடினார். சட்டம் போதாது என்று கண்டபோது தம் வீட்டுக் கதவையே திறந்துவிட்டார். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

எம்மிற் சிலர் மிஷன் பாடசாலைகளிலே கல்வி கற்றவர்கள். அங்கே நோயாளர்க்குப் பணி செய்த நைற்றிங்கேல் அம்மையாரைப் பற்றிப் படித்தோம். டோனாவூரிலே தொண்டு புரிந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றியும் அறிந்தோம். அயர்லாந்திலே பிறந்த அந்த அம்மையார், 1901ஆம் ஆண்டு தொடக்கம், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமியருக்குத் திருநெல்வேலிச் சீமையிலே புகலிடம் கொடுத்தவர். அவ்வரலாற்றைக் கேட்டபோது இந்துப் பிள்ளைகளாகிய எமது உள்ளத்திலே இரண்டு உணர்ச்சிகள் எழுந்தன. ஒன்று நன்றி. மற்றது நாணம். எமது கோயில்களின் பெயரால் நடந்த ஒரு கொடுமையைத் தட்டிக் கேட்க எமக்குள்ளே ஒருவரும் இருக்கவில்லையா என்று நாணினோம்.

இருந்தார்கள் என்பதைப் பின்னரே அறிந்தோம். 19ஆம் நூற்றாண்டிலேயே எமது ஆறுமுக நாவலர் பெருமான் நல்லூர்க் கோயிலிலே தாசிகளின் ஆட்டம் நடப்பதைக் கண்டித்தார். அவர் கண்டித்தது கோயிலின் தூய்மையை நோக்கி. முத்துலட்சுமி அம்மையாரோ அந்த ஆட்டத்துக்குப் பின்னால் நின்ற சிறு பெண் பிள்ளையை நோக்கினார். அவள் யார், அவளைக் கொண்டுவந்தவர் யார், ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இன்று எமது பேச்சின் பொருள்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராசாக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபிலே வந்தவர். இப்படிப்பட்ட விவாகத்தை அக்காலத்து ஊர் எப்படி நோக்கியிருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊர் பேசிய பேச்சையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். தாய் வந்த மரபிலே எத்தனை சிறுமியர் எந்த வழியிலே போனார்கள் என்பதை அவர் ஏட்டிலே படித்து அறியவில்லை.

அந்நாளிலே பெண் பிள்ளை பருவமெய்தினால் பாடசாலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். தந்தையார் மகளை வீட்டில் இருத்திப் படிப்பித்தார். பின்னர் ஆண்கள் மட்டும் கற்ற மகாராசாக் கல்லூரியிலே சேர அவர் விண்ணப்பித்தபோது பெற்றோர் பலர் எதிர்த்தனர். ஒரு பெண் உள்ளே வந்தால் ஆண் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்றனர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைத் தள்ளி அவருக்கு இடமளித்ததோடு உதவிப் பணமும் கொடுத்தார். 1907ஆம் ஆண்டிலே அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்து, 1912ஆம் ஆண்டிலே சிறப்பாகத் தேறி வைத்தியரானார்.

1914ஆம் ஆண்டிலே டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்துகொண்டார். தம்மைச் சரிநிகராக மதிக்கவேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று அவர் கேட்டார்; மாப்பிள்ளை அதற்கு உடன்பட்ட பின்னரே மணம் நிகழ்ந்தது. இதை இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் சற்றே காது கொடுத்துக் கேட்க வேண்டும். சீதனப் பேச்சிலே எத்தனையோ நிபந்தனைகள் பேசுகிறோம். இப்படி ஒரு நிபந்தனையை எங்கேயாவது கேட்டதுண்டா? அந்தக் கணவர் கொடுத்த வாக்கைக் காத்தார். அவர் காத்ததனாலேதான் நாம் இனிச் சொல்லப்போகும் காரியங்கள் நடந்தன.

வைத்தியர் என்ற முறையிலே அம்மையார் வீடு வீடாகச் சென்றார். மற்றையோர் கண்டும் காணாது விட்டவற்றை அவர் கண்டார். செல்வர் வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்ட ஏழைத் தாய் ஒருத்தியைக் கூலிக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் அக்காலத்திலே இருந்தது. அவள் பெற்ற குழந்தை அவளுடைய குடிசையிலே பசித்துக் கிடக்கும். ஒரு குழந்தையின் பங்கை இன்னொரு குழந்தைக்கு விலைக்கு வாங்குவதா என்று கேட்டு, அம்மையார் இவ்வழக்கத்தை எதிர்த்தார். சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் சென்னையிலே இளங் கைம்பெண்களுக்கு நடத்திய இல்லத்துக்கும் வைத்தியராகச் சென்று உதவினார். விளையாட வேண்டிய வயதிலே விதவைக் கோலம் பூண்ட பிள்ளைகளை அங்கே கண்டார். இவை வெறும் நோயல்ல, மருந்துப் போத்தலால் தீர்பவையுமல்ல என்பது அவருக்கு நாளடைவிலே விளங்கிற்று.

1926ஆம் ஆண்டின் முடிவிலே இந்தியப் பெண்கள் சங்கத்தாரின் முயற்சியால் அவர் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். நன்றாக நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலைச் சுருக்கிக்கொண்டு அங்கே செல்வது இலேசான தீர்மானமன்று. 1927ஆம் ஆண்டிலே சபையின் உபதலைவராக அவரை ஏகமனதாகத் தெரிந்தெடுத்தனர். இந்தியச் சட்டசபையொன்றிலே அப்பதவியை வகித்த முதற் பெண்மணி அவரே. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனியான வைத்திய வசதி வேண்டும் என்றார். பாடசாலைப் பிள்ளைகளை வைத்தியர்கள் பரிசோதிக்க வேண்டும் என்றார். பெண்ணின் மணவயதை 16 ஆக்குமாறு தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியா முழுவதற்குமாக 1929ஆம் ஆண்டிலே நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்ற அளவிலேதான் நிறுத்தியது என்பதை நினைத்தால், அம்மையார் தம் காலத்துக்கு எவ்வளவு முன்னே நின்றார் என்பது புலப்படும்.

இனி, அவர் பெயர் என்றும் நிலைத்திருக்கும் காரியத்துக்கு வருகிறோம்.

பொட்டுக்கட்டு என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு சிறுமியைக் கோயிலுக்கு நேர்ந்து, தெய்வத்துக்கு மணமுடித்ததாகக் கருதிக் கழுத்திலே பொட்டுக் கட்டுவார்கள். அதன்பின் அவள் இன்னொருவரை விவாகம் செய்யமுடியாது. ஆடலும் பாடலும் கற்பாள். கோயிலிலே சேவை செய்வாள். பழங்காலத்திலே அவளுக்கு மதிப்பும் செல்வமும் இருந்தன என்பது உண்மை. ஆனால் காலம் செல்லச் செல்ல, தெய்வத்தின் பெயரால் கட்டிய பொட்டு, செல்வர் சிலரின் இச்சைக்கு அவளை ஆளாக்கும் கயிறாக மாறியதும் உண்மை. இதிலே நெஞ்சைச் சுடும் விடயம் ஒன்றுண்டு. அந்தப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன நடக்கிறது என்று அறியாத வயதிலே அவள் முழு வாழ்வும் முடிவாகிவிட்டது.

ஒரு தாய் தன் மகளை இந்த வழியிலே விட எப்படித் துணிந்தாள்? பக்தியினாலா? பழக்கத்தினாலா? இரண்டும் இருந்தன. ஆயினும் அடியிலே வேறொன்று கிடந்தது. அது நிலம். கோயிற் சேவைக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. சேவை நடக்கும் வரையிலே நிலம் குடும்பத்துக்கு உரியது. தாய்க்குப்பின் சேவை செய்ய ஒரு மகள் வேண்டும். மகள் இல்லையேல் ஒரு பெண் பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும். சேவை நின்றால் நிலம் போய்விடும். நிலம் போனால் அடுப்பு எரியாது. ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிறுமி அந்த நிலத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டாள்.

முத்துலட்சுமி அம்மையார் இதை நன்கு உணர்ந்திருந்தார். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வழிசெய்யுமாறு அரசாங்கத்தைக் கோரும் தீர்மானத்தைச் சபையிலே கொண்டுவந்தார். சபை ஏற்றது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. 1929ஆம் ஆண்டிலே இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறிற்று. அதன் கருத்து இதுதான்: மானிய நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கட்டும், அதற்காக அவர்கள் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள் அல்லர். நிலத்தையும் சேவையையும் பிணைத்திருந்த முடிச்சை அவர் அவிழ்த்துவிட்டார்.

இச்செயலின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். அவர் தாய்மாரைத் திட்டித் தீர்க்கவில்லை. நல்லொழுக்கம் பற்றிப் பிரசங்கம் செய்து ஓய்ந்துவிடவும் இல்லை. மகளைக் கொடுத்தால்தான் சோறு என்ற நிலைமையிலே நின்ற தாயிடம், மகளைக் கொடாமலே உனக்குச் சோறு உண்டு என்று சட்டத்தின் வாயினாலே சொன்னார். பிள்ளையைக் காக்க வேண்டுமானால் முதலிலே அப்பிள்ளையின் தாயைப் பசியிலிருந்து காக்க வேண்டும் என்பது, தாமும் ஒரு தாயாக இருந்தமையால் அவர் அறிந்த உண்மை.

பொட்டுக்கட்டையே முற்றாகத் தடுக்கும் மசோதாவை அவர் 1930ஆம் ஆண்டிலே முன்வைத்தார். அவ்வாண்டு மே மாதத்திலே காந்தியடிகள் கைதானபோது, அதைக் கண்டித்துத் தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். மசோதா பல ஆண்டுகள் கிடந்தது. 1947ஆம் ஆண்டிலேதான் சென்னை மாகாணத்திலே அது சட்டமாயிற்று. முதற் தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 20 ஆண்டுகள். அவர் சட்டசபைக்குள் நுழைந்தபோது வயது 40. சட்டம் நிறைவேறியபோது 61. அந்த இருபது ஆண்டும் அவர் ஓயாது எழுதினார்; பேசினார்; கேட்டார். எமது சங்கங்களிலே ஒரு தீர்மானம் எழுதி, மகிழ்ச்சியோடு தேநீர் அருந்திப் பிரிந்து போகும் நாம் இந்த இருபது ஆண்டை மறத்தல் கூடாது.

அவரை எதிர்த்தவர்கள் பலர். கோயிற் பழைமை கெட்டுவிடும் என்றனர் சிலர். கலை அழிந்துவிடும் என்றனர் வேறு சிலர். இவர்களுக்கெல்லாம் மேலாக, தேவதாசிப் பெண்களே சங்கம் அமைத்து எதிர்த்தனர். அவர்களுள் முதன்மையானவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றிலே தியாகராச சுவாமிகளின் சமாதியிலே கோயில் எழுப்பிய பக்தை அவர், பெரும் இசைவாணி. எங்கள் குலத்தையே இழிவானது என்று பேசாதீர்கள். நாங்கள் கலையும் பக்தியும் காத்தவர்கள் என்று அவர்கள் முறையிட்டனர்.

இந்த முறையீட்டை நாம் புறந்தள்ளுதல் நியாயமன்று. அதிலே உண்மை உண்டு. பின்வந்த காலத்திலே, சதிர் என்று ஒதுக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு மேடையேறிற்று. இன்று எமது ஊர்களிலே நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் கற்று அரங்கேற்றம் செய்வதைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த பெண்களிற் பலர் மேடையும் இழந்து, மதிப்பும் இழந்து மறைந்து போயினர். சீர்திருத்தம் என்ற நல்ல காரியமும் சிலருக்குத் துன்பம் தந்துவிடுகிறது. அதை மூடி மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். வயதுவந்த ஒரு பெண் தன் கலையைத் தானே தெரிந்துகொள்வது அவளுடைய உரிமை. ஏழு எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்திலே பிறர் பொட்டுக் கட்டுவது யாருடைய உரிமை? நாகரத்தினம்மாள் தம் குலத்தின் மானத்துக்காகப் பேசினார். முத்துலட்சுமி அம்மையார் இன்னும் பேசத் தெரியாத பிள்ளைக்காகப் பேசினார். இருவரும் பேச வேண்டியவர்களே. ஆனால் சபையிலே தனக்காக எழுந்து பேசமுடியாதவள் அந்தச் சிறுமி ஒருத்திதான். அதே மரபிலே பிறந்து, அதன் கொடுமையைக் கண்டு, ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இப்பக்கத்திலே நின்றார் என்பதையும் இங்கே நினைவுகூர்கிறோம்.

இதுவரை சொன்னவை சட்டசபைக் காரியங்கள். இனி வீட்டுக் காரியம்.

சட்டம் ஒரு பிள்ளையை விடுவிக்கலாம். விடுபட்ட பிள்ளை அன்றிரவு எங்கே படுப்பாள்? யார் சோறு போடுவார்? 1930ஆம் ஆண்டிலே இந்தக் கேள்வி அம்மையாரின் வாசலுக்கே வந்தது. பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டை நாடி வந்தனர். அவர்களை மாணவியர் விடுதிகளிலே சேர்க்க முயன்றார். அவ்விடுதிகள் இடம் கொடுக்கவில்லை. தேவதாசி குலத்துப் பிள்ளைகள் என்றதும், சாதி பார்த்த கதவுகளெல்லாம் அடைபட்டன. சபையிலே அவருக்குக் கைதட்டியவர்கள் பலர் இருந்திருப்பார்கள்; ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குப் பாய் விரிக்க ஆளில்லை.

அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். சிறு தொகையினராய்த் தொடங்கிய அவ்வில்லம் வளர்ந்தது. 1936ஆம் ஆண்டிலே அடையாற்றுக்கு மாறிற்று. எந்தச் சாதி, எந்தக் குலம் என்று கேளாது, ஆதரவற்ற பெண் பிள்ளைகளையும் கைவிடப்பட்ட பெண்களையும் அது ஏற்றது. சோறும் துணியும் கொடுத்ததோடு நில்லாமல், பாடசாலை நடத்தியது. கைத்தொழிலும் ஆசிரியப் பயிற்சியும் அளித்தது. தன் கையாலே உழைத்துண்ணும் பெண்ணை எவரும் விலைபேச முடியாதல்லவா? யாருக்கும் பொட்டுக்கட்டவிருந்த பிள்ளை என்ற பெயரோடு அங்கே எவளும் வாழவில்லை. அங்கே எல்லாரும் மாணவியர்.

ஔவை என்ற பெயரையும் சற்றே சிந்திப்போம். தமிழ்ப் பிள்ளைகள் முதன்முதற் கற்கும் ஆத்திசூடியைத் தந்தவர் ஔவையார். அவருக்குப் பெற்ற பிள்ளைகள் இருந்ததாக நாம் கேட்டதில்லை. ஆயினும் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அவருக்குப் பேரப்பிள்ளைகள். தாயில்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கு இதனிலும் பொருத்தமான பெயர் வேறு கிடைக்குமா?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எமது பாட்டிமார் சொல்வார்கள். அம்மையார் வாழ்விலே அது மெய்யாயிற்று. அவருடைய பிள்ளைகள் இராம்மோகனும் கிருஷ்ணமூர்த்தியும் தாயைப் பொதுப்பணிக்குப் பங்கிட்டுக் கொடுத்தே வளர்ந்தார்கள். அத்தாயின் பிரியமான தங்கை ஒருத்தி 1923ஆம் ஆண்டிலே புற்றுநோயால் மாண்டாள். நோய் இன்னதென்று வைத்தியர்கள் உரிய வேளையிலே அறியாமற் போயினர். தாமே வைத்தியராக இருந்தும் காக்க முடியாத அந்தத் துயரம் அம்மையாரின் நெஞ்சிலே ஆழப் பதிந்தது. புற்றுநோய்க்கென்றே ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் போராடினார். 1952ஆம் ஆண்டிலே நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டிலே அடையாற்றிலே 12 படுக்கைகளோடு அது தொடங்கிற்று.

அதைக் கட்டி எழுப்பியவர் யார்? இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. தாயின் கனவுக்காக அவர் தம் வாழ்நாளையே அங்கே செலவிட்டார். 1955ஆம் ஆண்டிலே டாக்டர் சாந்தா அம்மையார் அவரோடு இணைந்தார். 2021ஆம் ஆண்டிலே மறையும்வரை அந்த வைத்தியசாலையே அவருக்கு வீடாக இருந்தது. ஏழை, செல்வர் என்று பாராது சிகிச்சையளிக்கும் நிலையமாக அது இன்றும் விளங்குகிறது. பெற்ற பிள்ளையை நல்ல உத்தியோகத்துக்கு அனுப்புவதே தாயின் வெற்றி என்று நாம் எண்ணுகிறோம். தான் தொடங்கிய தொண்டைத் தன் பிள்ளையே விரும்பி ஏற்கும்படி வாழ்ந்து காட்டுவது அதனிலும் பெரிய வெற்றி.

1956ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள், 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கையிலே, அவர் உலக வாழ்வை நீத்தார்.

அன்பர்களே, இவ்வளவும் சென்னையிலே நடந்த கதை. எமக்கும் இதற்கும் என்ன என்று யாராவது எண்ணலாம். பொட்டுக்கட்டு எமது ஊரிலே இன்று இல்லை, உண்மை. ஆனால் வறுமைக்கு விலையாகப் பிள்ளையைக் கொடுக்கும் நிலைமை ஒழிந்துவிட்டதா?

மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் வறிய கிராமங்களிலிருந்தும் சிறுமியரைக் கொண்டுவந்து, வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட வழக்கம் எமது சமூகத்திலே நெடுங்காலம் இருந்தது. எமது பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட, அதே வயதுப் பிள்ளை எமது முற்றத்தைக் கூட்டிற்று. அவளைப் பிள்ளைபோல வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். பிள்ளைபோல என்றால் பாடசாலைக்கு அனுப்பியிருக்க வேண்டுமல்லவா? 2021ஆம் ஆண்டிலே இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் வயதெல்லை 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் முத்துலட்சுமி அம்மையார் காட்டியபடி, சட்டம் பாதி வழிதான்.

மற்றொன்று, நீண்ட போரும் அதனைத் தொடர்ந்த வறுமையும் எமது பகுதிகளிலே சிறுவர் இல்லங்களை நிரப்பின. அவ்வில்லங்களை நடத்துவோர் செய்வது பெருந்தொண்டு. ஆனால் அங்கே வாழும் பிள்ளைகள் எல்லாரும் தாய் தந்தையரை இழந்தவர்கள் அல்லர். பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். சோறு போட வழியில்லாமல், படிப்பிக்க வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். பிறந்த நாளுக்கு ஒரு நேர உணவு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அந்தப் பிள்ளையின் தாய்க்கு ஒரு தையல் இயந்திரமோ, ஒரு பசுவோ, ஒரு வேலையோ கிடைத்தால், அவள் தன் பிள்ளையைத் தன் மடியிலே வைத்து வளர்ப்பாள் என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? மானிய நிலத்தின் முடிச்சை அவிழ்த்த அம்மையார் இன்று எமது மத்தியிலே இருந்தால் முதலிலே அந்தத் தாயைத்தான் தேடிப் போவார்.

ஆகவே எமது சங்கத்துக்கு மூன்று காரியங்களைப் பணிவோடு முன்வைக்கிறோம். முதலாவது, சங்க அங்கத்தினர் எவருடைய வீட்டிலும் பாடசாலை வயதுப் பிள்ளை வேலைக்கு இருத்தலாகாது என்று நாமே எமக்குள் உறுதி செய்வோம். இரண்டாவது, ஆண்டுதோறும் ஒரு சில குடும்பங்களையேனும் தெரிந்து, பிள்ளைகள் வீட்டை விட்டுப் பிரியாதிருக்கும்படி அவர்களின் தாய்மாருக்குத் தொழில் உதவி செய்வோம். மூன்றாவது, ஒரு பிள்ளை துன்புறுவதைக் கண்டால் எமக்கேன் வம்பு என்று ஒதுங்காதிருப்போம். 1998ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற தொலைபேசி எண் உண்டு. முத்துலட்சுமி அம்மையாரின் திருத்தம் சட்டமான ஆண்டும் 1929. இது தற்செயலாய் அமைந்த பொருத்தமே; ஆயினும் அந்த எண்ணை மறவாதிருக்க இது எமக்கு நல்லதொரு வழி.

ஆலயத்துக்குச் சென்று அம்பாளை அம்மா என்று அழைக்கிறோம். உலகுக்கெல்லாம் தாய் என்று போற்றுகிறோம். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் அவளுடைய பிள்ளைகளானால், எமது வீட்டுப் புறத்திண்ணையிலே பசித்திருக்கும் பிள்ளையும் அவளுடைய பிள்ளையே. கோயிலின் பெயரால் நடந்த தவற்றைத் திருத்தியவரும் அந்தச் சமயத்திலே பிறந்த ஒரு தாய்தான் என்று நாம் இன்று தலை நிமிர்ந்து சொல்கிறோம். அப்படிச் சொல்லும் உரிமை எமக்கு நிலைக்க வேண்டுமானால், அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர வேண்டும்.